மிலாடாவின் ஒரே ஒரு நீல மூஞ்சி

முப்பத்தெட்டு வருஷம் தபால் கொடுத்த மிலாடா கொபெச்னாவுக்கு லிப்னிச்கா ஊரில் எந்த நாய் கடிக்கும், எந்த நாய் சும்மா குரைக்கும், எந்த வீட்டில் நாயைவிட வீட்டுக்காரர் மோசம் என்பதெல்லாம் அத்துபடி. செக் நாட்டின் பெஸ்கிடி மலையடிவாரத்தில் அவள் கால் படாத சந்து கிடையாது. அப்படிப்பட்டவளின் நிம்மதியை அறுபத்து மூன்றாவது வயதில் கெடுத்தது, கைப்பேசி வரைபடத்தில் இருந்த ஒரு நீல மூஞ்சி.

மூஞ்சி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். காட்டில் ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போய், டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். இதில் பரிசும் கிடையாது, பாராட்டு விழாவும் கிடையாது. கண்டுபிடித்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிரித்த மூஞ்சி. தேடியும் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் நீல நிறத்தில் ஓர் அழுமூஞ்சி. எங்கள் பக்கம் காளான் பொறுக்காத நேரத்தில் பாதிப் பேருக்கு இதுதான் வேலை.

மிலாடாவின் வரைபடம் முழுக்க மஞ்சள். பதினான்கு வருஷ உழைப்பு. பாறை, பாலம், கல்லறைச் சுவர், பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சின் அடிப்பாகம் என்று எல்லாம் சிரித்தன. நட்ட நடுவில், ஓநாய்ச் சரிவில், ஒன்று மட்டும் அழுதுகொண்டிருந்தது.

இந்த விளையாட்டில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நீளமான காலுக்காக மிலாடாவுக்கு 'கொக்கு' என்று பெயர். வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரும் பீர்க்கடையில் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தவனின் உண்மையான பெயர் செத்த பிறகு இரங்கல் அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரியும். அப்போதும் "இது யாருப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அந்த மேசையில் இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் 'எக்ஸ்பிரஸ்'. காப்பீடு விற்பவன். எந்தப் புது டப்பாவின் எண்கள் வெளியானாலும் நோட்டின் முதல் வரியில் தன் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது அவன் வாழ்வின் லட்சியம். ஒருமுறை இரவு உடுப்போடு விடிகாலையில் காட்டுக்குப் போய், காட்டுப்பன்றியைப் பார்த்து மரத்தில் ஏறி, அதன் பிறகும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன். இன்னொருவர் 'கரிக்காரர்'. காட்டில் மரம் வெட்டுபவர். வாயைத் திறப்பதென்றால் பீர் உள்ளே போக வேண்டும், அதற்கு மட்டும்தான். டப்பா ஒளிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஓநாய்ச் சரிவு டப்பா கரிக்காரர் வைத்தது. எண்கள் வெளியான இரண்டு மணி நேரத்தில் எக்ஸ்பிரஸ் கண்டுபிடித்துவிட்டான். பின்னாலேயே ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு பேர். சுளுக்கிய காலோடு ஒருத்தி போய்க் கண்டுபிடித்தாள். கைக்குழந்தையைத் தோளில் கட்டிக்கொண்டு ஒருவன் போய்க் கண்டுபிடித்தான். மிலாடா மட்டும் பதிமூன்று தடவை ஏறி, பதிமூன்று தடவை வெறுங்கையோடு இறங்கினாள்.

கண்டுபிடித்தவர்களின் ரகசியம் ஊரறிந்தது. யாருக்காவது காட்டில் டப்பா அகப்படவில்லையென்றால் எக்ஸ்பிரஸுக்கு ஒரு போன் போடுவார்கள். அவன் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவான். பீர்க்கடையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவன் கைப்பேசி மணியடித்தபடியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் "ஒரு நிமிஷம், ஒரு கேஸ்" என்று டாக்டர் மாதிரி எழுந்து ஓரமாகப் போவான். ஆயிரக்கணக்கில் கொட்டிக் கருவி வாங்கிய அத்தனை பேரும் கடைசியில் நம்பியது அவனுடைய போன் நம்பரைத்தான்.

மிலாடா போட மாட்டாள். போன் போட்டுத் தேடுவதென்றால் டப்பாவை வீட்டுக்கே தபாலில் அனுப்பச் சொல்லலாமே என்பது அவள் கட்சி. அந்த வீம்புக்கு விலை, வாரா வாரம் மேசையில் கிடைக்கும் கேலி. "கொக்கு இந்த வாரமும் ஒத்தக்கால்ல நின்னுச்சா?" என்று எக்ஸ்பிரஸ் கேட்பான். மேசையே சிரிக்கும். கரிக்காரர் மட்டும் பீர் நுரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவரை மடக்கி, துப்பு எதுவும் வேண்டாம், போட்டிருக்கும் எண்கள் சரிதானா என்று மட்டும் கேட்டாள்.

"எண்ணு சரி," என்றார். "உன் மெஷினும் சரி."

அவ்வளவுதான் சொன்னார். மிலாடாவுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எண் சரி, மெஷின் சரி என்றால் மிச்சம் இருப்பது அவள்தானே. கண் மங்கிவிட்டதா, மூளை மங்கிவிட்டதா, இல்லை இரண்டுமா? அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இரண்டு தடவை கடிதங்களை வீடு மாற்றிப் போட்டிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. வயதாகிவிட்டது என்று அடுத்தவர் சொன்னால் திட்டிவிடலாம். ஒரு டப்பா சொன்னால் என்ன செய்வது? அவளுக்குப் பயமாக இருந்தது.

ஓய்வு பெறும் வாரத்தில் தபால் நிலையத்து ஆட்கள், "உனக்குப் பிடிச்ச ஜி.பி.எஸ். ஒண்ணை நீயே எடுத்துக்க, பணம் நாங்க கொடுக்கிறோம்" என்றார்கள். மிலாடா அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தாள். இருப்பதிலேயே நல்ல மெஷினை எடுப்பது. அதைக் கொண்டுபோய் ஓநாய்ச் சரிவில் கடைசியாக ஒரு தடவை தேடுவது. கிடைத்தால் குற்றம் பழைய மெஷினுடையது. கிடைக்காவிட்டால் குற்றம் தன்னுடையது, அன்றோடு இந்த விளையாட்டுக்கு ஒரு கும்பிடு.

எது நல்ல மெஷின் என்று வியாழக்கிழமை மேசையில் கேட்டது அவள் செய்த பெரிய தப்பு. ஒருவன் தொடுதிரைதான் வேண்டும் என்றான். இன்னொருவன், கையுறை போட்டால் தொடுதிரை உன்னை மதிக்காது, பொத்தான் வைத்ததுதான் மெஷின் என்றான். கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி போடுவதா, உள்ளேயே வைத்து மூடிய பேட்டரியா என்பதில் இரண்டு பேர் எழுந்து நின்று கத்தினார்கள். எக்ஸ்பிரஸ் தன்னுடைய பெரிய மெஷினை மேசையில் வைத்து, இது எந்த நேரமும் முப்பது செயற்கைக்கோளைப் பார்க்கும் என்றான். யாரும் தன் பெண்டாட்டியைக்கூட அப்படிப் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

மிலாடா மூன்றை ஆர்டர் செய்தாள். பதினான்கு நாளுக்குள் திருப்பி அனுப்பினால் பணம் திரும்ப வரும், சட்டம் இருக்கிறது. வேலையின் கடைசி நாளில் அவள் கொடுத்த கடைசிப் பொட்டலங்கள் மூன்றும் அவளுக்கே வந்தவை. தன் வீட்டு மணியைத் தானே அடித்து, கதவைத் திறந்த கணவன் ஓல்டாவிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினாள். சீருடையில் இருக்கும்வரை சட்டம் சட்டம்தான் என்றாள்.

ஓல்டா காளான் பைத்தியம். ஐம்பது வருஷமாகக் கூடையோடு காட்டுக்குப் போகிறவர், ஒருமுறைகூட வழி தவறியதில்லை. தவறியிருந்தாலும் ஒப்புக்கொண்டதில்லை. மூன்று கருவிகளையும் சமையலறை மேசையில் பரப்பி, கீறல் விழாமல் இருக்க ஒவ்வொன்றையும் மிலாடா ஃப்ரீசரில் இறைச்சி வைக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டபோது, இறைச்சி எப்போது வேகும் என்று கேட்டார்.

முதல் மெஷின் தொடுதிரை. படம் அற்புதம். ஆனால் தூறல் போட்டபோது ஒவ்வொரு மழைத்துளியும் அதைத் தொட்டு ஒவ்வொரு கட்டளை கொடுத்தது. கால்மணி நேரத்தில் அது போலந்து மொழிக்கு மாறி, மிலாடாவை ஆற்றுக்குள் போகச் சொன்னது. இரண்டாவது, பொத்தான் வைத்த சின்னது. பேட்டரி நாள்கணக்கில் நிற்கும். ஆனால் வரைபடம் தபால்தலை அளவு, கண்ணாடி போட்டாலும் தெரியாது, கழற்றினாலும் தெரியாது. மூன்றாவது சுத்தியல் கனம். மலையுயரம், காற்றழுத்தம், நிலா எப்போது உதிக்கும், மீன் எப்போது கடிக்கும் என்று கேட்காததையெல்லாம் சொன்னது. நாலாவது அவளுடைய பழைய மஞ்சள் மெஷின். ரப்பர் உறை உரிந்து, தபால் கட்டும் ரப்பர் வளையம் இரண்டு போட்டு உயிரோடு வைத்திருந்தாள். அதே மாதிரி ஒன்று கரிக்காரரிடமும் இருந்தது. ஊரில் அந்த இரண்டுதான் மிச்சம்.

பதினோராம் நாள் காலை நான்கையும் பையில் போட்டுக்கொண்டு ஓநாய்ச் சரிவுக்குக் கிளம்பினாள். மழைக்குப் பிறகு காளான் வந்திருக்கும் என்று ஓல்டாவும் கூடையோடு ஒட்டிக்கொண்டார்.

மிலாடா இந்த முறை தேடவில்லை, அளந்தாள். பாதையிலிருந்து புறப்பட்டு ஒரு மெஷினை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். அது பூஜ்யம் காட்டிய இடத்தில் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்று, அது மனம் மாறவில்லை என்று தெரிந்த பிறகு, துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் குச்சியில் மாட்டித் தரையில் நட்டாள். பிறகு பாதைக்குத் திரும்பி வந்து அடுத்த மெஷின். சிவப்பு கிளிப், பச்சை கிளிப், நீலம். கடைசியாகப் பழைய மெஷினுக்கு மஞ்சள் கிளிப். முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. எங்கே நட்டோம் என்று ஒழுங்காகப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வழக்கம்போல அங்கே விழுந்து கிடந்த பருத்த காட்டு மரத்தண்டில் உட்கார்ந்தாள். வழக்கம்போல அதிலிருந்து துருத்திக்கொண்டிருந்த கிளைக் கட்டையில் பையை மாட்டினாள். பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியை எடுத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு தின்னத் தொடங்கினாள்.

ஓல்டா நிறைந்த கூடையோடு வந்து சேர்ந்தார். நாலு கிளிப்பையும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கவேயில்லை.

"என்ன பல்லைக் காட்டுற?" என்றாள் மிலாடா.

"நாலு மெஷினும் ஒரே எடத்தத்தான்டி காட்டுது," என்றார் ஓல்டா. "உன் குண்டிய. அம்மாம் பெரிய குறி, எந்த மெஷினுக்கும் தப்பாது."

மிலாடா வாயில் இருந்த ரொட்டியை மெல்லாமல் அப்படியே திரும்பிப் பார்த்தாள். மரத்தண்டுக்கு அந்தப் பக்கம் சிவப்பு. இந்தப் பக்கம் பச்சையும் நீலமும், இரண்டு எட்டுக்குள். மஞ்சள் கிளிப் அவள் பைக்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில். பதிமூன்று தடவை அந்தப் பாறை இடுக்கு, இந்த வேர் இடுக்கு என்று கையை விட்டுக் கிழித்துக்கொண்டவள், பதிமூன்று தடவையும் களைத்துப்போய் இதே தண்டில்தான் உட்கார்ந்தாள். கிடைக்கவில்லை என்று எழுதியதும் இங்கே உட்கார்ந்துதான்.

எழுந்து தண்டைச் சுற்றி வந்தாள். எங்கும் பாசி பிடித்திருந்தது. அந்தக் கிளைக் கட்டையில் மட்டும் பாசி இல்லை, அவளுடைய பையின் வார் உராய்ந்து பளபளவென்று இருந்தது. பையைக் கழற்றினாள். கட்டையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வெளியே இழுத்தாள். மேசை இழுப்பறை திறக்கிற மாதிரி அது வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னால் மரத்தைக் குடைந்து செய்த பொந்து, பொந்துக்குள் மூடி போட்ட ஒரு குழாய்.

பை கீழ்ப்பக்கமாகத்தான் தொங்கியது, வெளிப்பக்கமாக இழுக்கவில்லை. இரண்டு வருஷம் அவளுக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு திசை வித்தியாசம்தான்.

மிலாடா அழுதாள். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். கண்ணும் போகவில்லை, மூளையும் போகவில்லை, கிழவியாகிவிடவில்லை என்ற சந்தோஷம் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஓல்டா சிரிப்பை நிறுத்திவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தன் கூடையிலேயே பெரிய காளானை எடுத்து அவளிடம் நீட்டினார்.

குழாய்க்குள் ஒரு நோட்டும், தட்டையான சின்னக் கண்ணாடி பாட்டிலும் இருந்தன. பாட்டில் நிறைய பிளம் சாராயம். கழுத்தில் நூலால் கட்டிய சீட்டில் கரிக்காரரின் கோணல் எழுத்து: 'முதலில் வருகிறவருக்கு.'

மிலாடா நோட்டைத் திறந்தாள். முதல் பக்கம் காலி. இரண்டாம் பக்கமும் காலி. கடைசிவரை புரட்டினாள். நாற்பத்தொரு பேர் கண்டுபிடித்த டப்பாவின் நோட்டில் ஒரு கையெழுத்துகூட இல்லை. முதல் பக்கத்தில், முதல் வரியில், தேதியும் 'கொக்கு' என்ற பெயரும் எழுதினாள். அதற்கே அவளுக்கு இரண்டு நிமிஷம் ஆனது.

அப்படியானால் மற்றவர்கள் எதில் கையெழுத்துப் போட்டார்கள்? தபால்காரியின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பாதையோரமாக முப்பது எட்டு கீழே ஒரு பழைய அடிக்கட்டை இருந்தது. காட்டைப் பார்க்காதவன்கூட முதலில் அங்கேதான் கையை விடுவான். விட்டுப் பார்த்தாள். பழைய ஃபிலிம் சுருள் போடும் கறுப்பு டப்பி. உள்ளே சுருட்டிய ஒரு காகிதம். காகிதத்தில் வரிசையாக நாற்பத்தொரு பேர். முதல் பெயர் எக்ஸ்பிரஸ்.

விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. முதல் நாள் தேடிக் களைத்த எக்ஸ்பிரஸுக்கு டப்பா அகப்படவில்லை. முதல் ஆள் என்ற பேர் போய்விடக்கூடாதே என்று தன் சட்டைப்பையில் இருந்த டப்பியை அடிக்கட்டைக்குள் போட்டு, அதில் தானே கையெழுத்துப் போட்டு, டப்பா தொலைந்திருந்ததால் புதிதாக வைத்தேன் என்று தன் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லியிருப்பான். பிறகு போன் போட்டவர்களையெல்லாம் நேராக அடிக்கட்டைக்கு அனுப்பியிருக்கிறான். மெஷினை நம்பிய ஒரே ஆள் மரத்தண்டில் உட்கார்ந்து நீல மூஞ்சி போட்டிருக்கிறாள்.

மிலாடா குழாயை இருந்த இடத்தில் வைத்துக் கட்டையைப் பொருத்தினாள். பாட்டில் முதல் ஆளுக்கு உரியது என்பதால் எடுத்துக்கொண்டாள். டப்பியையும் பையில் போட்டாள். குப்பையைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அவள் வழக்கமில்லை.

மூன்று மெஷினையும் பழைய பல்துலக்கியால் மண் போகத் துடைத்துப் பதிமூன்றாம் நாள் திருப்பி அனுப்பினாள். புதியவை மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. கரிக்காரர் எண்களை அளந்தது அதே மஞ்சள் மாதிரியில், ஒரே ஜாதி மெஷின் இரண்டும் ஒரே அளவுக்குப் பிசகும், அவ்வளவுதான். தபால் நிலையத்து நண்பர்களின் பணத்தில் மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கினாள். இனிமேல் எதன்மேல் உட்காருகிறோம் என்று தெரிந்து உட்கார வேண்டும் என்றாள். நீல மூஞ்சியை அவள் இன்னும் மாற்றவில்லை. வியாழக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

அன்று மேசையில் பன்னிரண்டு பேர். பீரும் வினிகரில் ஊறிய சாசேஜும் வந்துவிட்டன. எந்த மெஷினை எடுத்தாய் என்று எக்ஸ்பிரஸ் கேட்டான். மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றாள். அப்போ ஓநாய்ச் சரிவு அவ்வளவுதானா என்று அவன் மேசையைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மிலாடா பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கரிக்காரருக்கு முன்னால் வைத்தாள்.

கரிக்காரர் பீர்க்குவளையைக் கீழே வைத்தார். பாட்டிலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். தன் சொந்த அம்மாவின் அடக்கத்தில்தான் அவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்திருக்கிறோம்.

"அது என்ன பாட்டில்?" என்றான் எக்ஸ்பிரஸ்.

கரிக்காரர் எழுந்து போய், தானே இரண்டு சின்னக் கிளாஸ் எடுத்து வந்து உட்கார்ந்தார். பிறகு பேசினார்.

"டப்பாவுக்குள்ள நான் வெச்ச பாட்டிலு. மொதல்ல வர்ற ஆளுக்கு. ரெண்டு வருசமா நாப்பத்தோரு பேரு வந்து, டப்பா பிரமாதம்னு கையக் குலுக்கினீங்க. சாராயம் எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தனாவது சொல்லுவான்னு பாத்தேன்."

அந்த மேசையில் அவர் அதுவரை பேசிய எல்லாவற்றையும் கூட்டினாலும் அத்தனை வார்த்தை வராது. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் சாசேஜைக் கவனமாக வெட்டத் தொடங்கினார்கள். எண்ணு சரி, உன் மெஷினும் சரி என்று அவர் அன்றைக்குச் சொன்னது கேலியில்லை என்பது மிலாடாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரால் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு பேசி அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

அவள் கறுப்பு டப்பியை எடுத்து எக்ஸ்பிரஸுக்கு முன்னால் வைத்தாள். கைப்பேசியில் ஓநாய்ச் சரிவைத் திறந்து, நீல மூஞ்சியை விரலால் தொட்டு மஞ்சளாக்கினாள். கரிக்காரர் இரண்டு கிளாஸிலும் சாராயம் ஊற்றினார், ஒன்று அவளுக்கு, ஒன்று தனக்கு.

அந்த நேரம் பார்த்து எக்ஸ்பிரஸின் போன் அடித்தது. அவன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. அது விடாமல் அடித்தது.

"எடுப்பா," என்றாள் மிலாடா. "அடிக்கட்டைக்குள்ள கைய விட்டுக்கிட்டு யாரோ நிக்கிறாங்க. டப்பி மேசை மேல இருக்குன்னு சொல்லு."